கோயில் மேளத்தில் நாத்திகர்: நாகசுரத் தொழிலின் உள்ளிருந்து சில குறிப்புகள்

காவிரிப் படுகையின் கோயில் ஊர்களில் இறைநம்பிக்கை என்பது தனி மனிதர் தம் மனத்தளவில் கொள்ளவோ விடவோ கூடிய கருத்தாக மட்டும் இருப்பதில்லை. விடியற்காலைத் திருவனந்தல் முதல் இரவு அர்த்தசாமம் வரை நாளைப் பொழுதுகளாகப் பிரிப்பதும், எந்தத் தெருவில் யார் குடியிருப்பது என்பதையும் எந்த வீட்டுக்கு எந்த நாளில் என்ன மரியாதை என்பதையும் வகுப்பதும், பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் அதுவே. இத்தகைய ஊரில் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வரும் பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாம். சில நாள் பேசிவிட்டு ஊரும் அதைப் பழகிக்கொள்ளும். ஆனால் அந்தக் கோயிலிலேயே நாகசுரம் வாசித்துப் பிழைப்பவர் அதே முடிவுக்கு வந்தால், அவர் விலகி நிற்க இடமே இல்லை, ஏனெனில் அவருடைய தொழிலிடம் சன்னிதி, அவருடைய வேலைநேரம் பூசைநேரம், அவர் வாசிக்கும் உருப்படிகளில் பெரும்பாலானவை இறைவனை விளித்துப் பாடப்பட்டவை. இதை எழுதுபவர் அப்படியொரு மேளக்காரக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே இறைநம்பிக்கையை விட்டு, கோயில் வாசிப்பை மட்டும் விடாமல் இருந்தவர். எனினும் இங்கே பேசப்படுவது ஒருவரின் கதையன்று, அந்தத் தெருக்களில் அவ்வாறு வாழ்ந்த பலரின் தொழில் அனுபவம்.

கோயில் மேளம் என்று வழங்குவது ஒரு தனி வாத்தியத்தை அன்று. நாயனம் என்றும் வழங்கும் நாகசுரம், தவில், சுருதி தரும் ஒத்து, கைத்தாளம் ஆகிய நான்கும் சேர்ந்ததே மேளம்; ஒத்து என்பது விரல் துளைகளின்றி ஆதார சுருதியை மட்டும் இடைவிடாமல் ஊதும் குழல், இப்போது அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. கோயிலில் வாசிக்கும் உரிமை முறை எனப்பட்டது. பங்காளிக் குடும்பங்கள் மாதத்தையோ ஆண்டையோ பகிர்ந்துகொண்டு தத்தம் முறை வரும்போது வாசித்தார்கள், அதற்கு ஈடாகக் கோயில் நிலத்தில் ஒரு பகுதியை மானியமாக அனுபவித்தார்கள். 1963-இல் வந்த சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஏற்பாடு பல ஊர்களில் உருக்குலைந்து, மாதச் சம்பளமாகவும், சில இடங்களில் பெயரளவுப் படியாகவும் சுருங்கியது. நிலம் போன பிறகும் முறை நின்றது என்பதையே இங்குக் கருத வேண்டும்: கூலி குறைந்தபோதும் விடியலில் எழுந்து போய் வாசித்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் நம்பிக்கையற்றவர்களும் இருந்தார்கள்.

பக்திக்கு இவ்வளவு அருகில் இருந்த ஒரு தொழிற்குலத்தில் மறுப்பு எப்படி முளைத்தது என்று வெளியூர்க்காரர் வியப்பதுண்டு. உள்ளிருந்து பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. கோயிலின் பெயரால் நடந்த அவமதிப்பை மிக அருகில் கண்டவர்கள் இந்தத் தெருக்காரர்களே. பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கம் இந்தக் குடும்பங்களுக்குள் இருந்தது; அதை எதிர்த்துத் தஞ்சைப் பகுதி முழுவதும் அலைந்து பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தச் சூழலிலிருந்தே வந்தவர், 1936-இல் அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து காட்டியது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. ஆண்களின் நிலையும் கௌரவமானதாக இல்லை: வித்துவான் எவ்வளவு பெரியவரானாலும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய வீட்டார் முன்னே நின்றபடியோ நடந்தபடியோ மணிக்கணக்கில் வாசிக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) குடுமியை எடுத்து கிராப்பு வைத்துக்கொண்டதும், மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நின்று சாதித்ததும் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகின்றன; அவர் நாத்திகர் அல்லர், ஆதீன வித்துவானாக இருந்தவர், எனினும் தன்மானம் என்ற பேச்சை மேளக்காரத் தெருவுக்குள் செயலாகக் கொண்டுவந்தவர். 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் பேச்சாளர்கள் ஊர் ஊராக வந்தபோது, திண்ணைகளில் அதன் ஏடான ‘குடிஅரசு’ படிக்கப்பட்டபோது, அதைக் கேட்டவர்களுள் தவில்காரரும் நாயனக்காரரும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடவுளின் இருப்பைப் பற்றிய தருக்கத்தால் நம்பிக்கையை இழக்கவில்லை, தம் பாட்டிமார் பட்டதை அறிந்ததால் இழந்தார்கள் என்பது இதை எழுதுபவரின் கணிப்பு.

அதன் பின்னும் அவர்கள் கோயிலுக்குப் போனார்கள். இதைப் பிழைப்புக்கான வேடம் என்று சொல்லிவிடுவது எளிது, இரு தரப்பிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. இயக்கத்துத் தோழர்கள் இரட்டை வாழ்க்கை என்றார்கள், ஊர்ப் பெரியவர்கள் சாமி சோறு தின்றுகொண்டு சாமியை மறுப்பவன் என்றார்கள். தொழிலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லப்பட்ட சொற்கள் இவை.

கோயில் நாயனக்காரரின் நாள் சீவாளியிலிருந்து தொடங்குகிறது. சீவாளி என்பது குழலின் மேல்முனையில் பொருத்தி வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, நெடுநாள் பதப்படுத்தி, அளவாக நறுக்கி நசுக்கிக் கட்டுகிறார்கள், திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப்பெயர் உண்டு. குழலில் உலோகக் கெண்டை என்னும் சிறு குழாய் இருக்கிறது, அதன் மேல் சீவாளி ஏறும். கீழே மரத்தாலான உலவு, அதன் அடிவாயில் அணசு. உலவை நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், பழைய வீடுகளிலிருந்து பிரித்த நாள்பட்ட மரமே உகந்தது என்பார்கள். 2022-இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி விடியலில் பனியில் ஊறிய சீவாளி ஒரு விதமாகவும், சித்திரை உச்சியில் காய்ந்த சீவாளி வேறு விதமாகவும் பேசும். உதட்டில் நனைத்து, விரலால் அழுத்தி விரிவைச் சரிசெய்து, இரண்டு மூன்று முறை மெல்ல ஊதிப் பார்த்து, கேட்காவிட்டால் குழலில் தொங்கும் சரத்திலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டுகிறார் வாசிப்பவர். விடியலில் இருட்டுப் பிரகாரத்தில் தனியே நின்று இதைச் செய்பவருக்கு அந்த நேரத்தில் கடவுளைப் பற்றிய எண்ணம் எதுவும் எழுவதில்லை. நம்புபவருக்கும் அப்படித்தான் என்று பக்தர்களான வித்துவான்கள் பலரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பூபாளமோ பௌளியோ சுருதி சேர்ந்து விழ வேண்டும் என்ற ஒரே கவலைதான் இருவருக்கும்.

பொழுதுக்கு ஏற்ற இராகம் என்பது இத்தொழிலின் அடிப்படை ஒழுங்கு. காலையில் பூபாளம், பௌளி, பிலஹரி. உச்சிக்காலத்தில் மத்தியமாவதி போன்றவை. மாலைச் சாயரட்சையில் கல்யாணி, பூர்விகல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி, ஆனந்தபைரவி. இந்த ஒழுங்கு தெய்வத்துக்காக ஏற்பட்டது என்று நம்புபவர் சொல்வார். நம்பாதவர் அதைத் தன் ஊரின் கடிகாரமாகக் கண்டார்: நாயனம் கேட்டு நடவுக்குப் போகிறவர்களும், அர்த்தசாம மேளம் கேட்டு விளக்கை அணைக்கிறவர்களும் இருந்த ஊரில், பொழுது தவறி வாசிப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று கருதினார். காரணம் வேறாக இருந்தும் கடமை ஒன்றாகவே இருந்தது, அதனால்தான் ஊர் அவரைத் தாங்கிக்கொண்டது.

நாத்திக வித்துவான்களுக்கு மிக உவப்பான உருப்படி மல்லாரி. சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும், சாகித்தியம் அதாவது பாட்டுச் சொல் எதுவுமில்லாத, சுரக்கோவையும் தாளக்கட்டும் மட்டுமே கொண்ட அமைப்பு அது. பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமையும், மூன்று காலங்களில் விரியும், அதற்கு முன் தவில் தனியே கம்பீரமாகப் பேசி வழிவிடும். மடைப்பள்ளியிலிருந்து நிவேதனம் வரும்போது தளிகை மல்லாரி, திருமஞ்சனத்துக்கு நீர் வரும்போது தீர்த்த மல்லாரி, தேரோட்டத்துக்குத் தேர் மல்லாரி என்று வகைகள் உண்டு. எந்தத் தெய்வத்தின் பெயரும் அதில் ஒலிப்பதில்லை என்பதால் மனசாட்சிக்கு இடறல் இல்லை என்று சிலர் அதில் அடைக்கலம் புகுந்தார்கள். ஆனால் தொழில் அவர்களை அந்த அடைக்கலத்தில் நிரந்தரமாக இருக்க விடவில்லை.

காரணம் கீர்த்தனை. நாகசுரத்தில் சொல் ஒலிக்காது என்பது கேட்பவர் கணக்கு; வாசிப்பவர் கணக்கு அதுவன்று. துத்துகாரம் என்பது நாக்கால் சீவாளியைத் தொட்டுக் காற்றை வெட்டும் முறை; பாட்டின் சொல் எங்கே முடிகிறதோ அங்கே அந்த வெட்டு விழ வேண்டும், நெடில் நீள வேண்டும், ஒற்று ஒடுங்க வேண்டும். சொல்லைத் தெரியாமல் சுரத்தை மட்டும் பாடம் பண்ணியவரின் வாசிப்பைப் பழகிய காது ஓரடியில் கண்டுகொள்ளும். ஆகவேதான் பழைய வாத்தியார்கள் குழலைத் தொடவிடுமுன் உருப்படியை வாயால் பாடவைத்தார்கள், பொருள் கேட்டார்கள், பதம் பிரித்துச் சொல்லச் சொன்னார்கள். கடவுளை மறுப்பவர் அந்த அழைப்பை, அந்த ஏக்கத்தை, அந்தச் சரணாகதியைத் தன் நாக்கில் வைத்து ஒவ்வொரு நாளும் உருவாக்க வேண்டியிருந்தது. இதில் உள்ள இக்கட்டை மறைக்க வேண்டியதில்லை. இதை எழுதுபவர் கண்ட அளவில் நல்ல வித்துவான்கள் அதை ஒரே வழியில் கடந்தார்கள்: பாட்டில் பேசுகிறவரை அவர்கள் நம்பினார்கள், பாட்டு யாரை நோக்கிப் பேசுகிறதோ அவரை நம்பவில்லை. வறுமையிலும் அவமானத்திலும் நின்று ஒருவர் உரக்கக் கேட்ட கேள்வியாக அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டபோது அதில் பொய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, துத்துகாரமும் தன் இடத்தில் விழுந்தது.

தீபாராதனை நேரத்தை அருகில் நின்று பார்த்தால் இத்தொழில் எவ்வளவு கூட்டுவேலை என்பது விளங்கும். மேளக்காரர் நிற்பது மகாமண்டபத்தின் ஓரத்தில், பெரும்பாலும் மூலவரே தெரியாத கோணத்தில். அலங்காரம் நடக்கும்போது கருவறைத் திரை மூடியிருக்கும், அப்போது இராகத்தை நிதானமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். நேரமாகும் என்றால் குருக்கள் முன்பே சொல்லிவிடுவார்: “பிள்ளை, இன்னிக்குச் சந்தனக்காப்பு, கொஞ்சம் நேரமாகும், பாத்துக்கோங்கோ.” “ஆகட்டும் சாமி” என்பதோடு பேச்சு முடியும். திரை விலகும் நொடியில் மணி எழும், அதே நொடியில் தவில் கெட்டிமேளமாக மாற வேண்டும், நாயனம் மேல்ஸ்தாயிக்குப் போக வேண்டும். ஒரு கணம் முந்தினால் வெறும் திரைக்கு வாசித்ததாகும், ஒரு கணம் பிந்தினால் தீபம் தனியே நிற்கும். அடுக்குத் தீபத்திலிருந்து கற்பூர ஆரத்தி வரை குருக்களின் முழங்கை அசைவே மேளத்துக்குத் தாளம். அவர் சோர்ந்தால் மேளம் தாங்கும், மேளம் தடுமாறினால் அவர் கை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். ஆரத்தி முடிந்து ஓதுவார் பதிகம் எடுக்க வாயைத் திறக்குமுன் மேளம் ஒடுங்கிவிட வேண்டும். மூலவரைப் பாராமல் மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் நின்றதால், நம்பாத நாயனக்காரருக்கும் நம்பும் குருக்களுக்கும் இடையே உறவினரிடம்கூட இல்லாத ஒரு புரிதல் வளர்ந்ததுண்டு. தன் மேளக்காரர் கடவுளை மறுப்பவர் என்பதைக் குருக்கள் அறிவார். அறிந்தும் ஒருபோதும் கேட்டதில்லை. அந்தக் கேளாமை பெருந்தன்மை என்றே இதை எழுதுபவர் கருதுகிறார்.

திருநீறு வேறு விதமான சிக்கல். சன்னிதியில் நிற்பவர் நெற்றி வெறுமையாக இருந்தால் பக்தர்கள் மனம் சங்கடப்படும். பூசிக்கொண்டால் நம்பாத ஒன்றை நெற்றியில் எழுதியதாகும். சிலர் அதை வேட்டி, மேல்துண்டு போல் தொழிலுடையாகக் கொண்டு பூசினார்கள், வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினார்கள். சிலர் பூசாமலே நின்றார்கள், அவர்களுக்காகப் பங்காளிகள் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கினார்கள். விழாவின் முடிவில் தலையில் பரிவட்டம் கட்டிப் பிரசாதம் தரும்போது யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை, மறுத்திருக்கவும் கூடாது. தெய்வத்தின் பெயரில் வந்தாலும் அது ஊர் தன் வித்துவானுக்குச் செய்யும் மரியாதை, அந்த மரியாதைக்காகவே இரண்டு தலைமுறை போராடியிருந்தது.

வேறு சமயத்தவரின் நிலையோடு இதை ஒப்பிடுவது தெளிவு தரும். ஆந்திரத்தின் கரவதியில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா இசுலாமியர். தஞ்சைப் பாணி மேல் கொண்ட காதலால் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே 1999-இல் மறையும் வரை வாழ்ந்தார், 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். அவர் வாசிப்பில் பக்தி இல்லை என்று எந்த வைணவரும் சொன்னதில்லை. ஊரின் கண்ணில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அது வேறு வாசல் வழியே வந்தது, அவ்வளவுதான். நம்பிக்கையே இல்லாத உள்ளூர்க்காரரின் நிலை அதைவிடக் கடினமானது, ஏனெனில் அவருக்கென்று ஒதுங்க இன்னொரு தொழுகையிடம் இல்லை, அவரை இன்னார் என்று சொல்ல ஊருக்கு ஒரு பெயரும் இல்லை. பிறப்பால் இந்து என்பதால் கோயிலின் பணிப்பதிவேட்டில் மட்டும் அவருக்குத் தடையிருக்கவில்லை.

கடினம் கோயிலில் அன்று, வீட்டில்தான் கூடுதல். மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவார், குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்க வேண்டும் என்பார், மாமியார் திவசத்துக்கு எள்ளும் தண்ணீரும் யார் விடுவது என்று கேட்பார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தம் 1967-இல் நிறைவேறியதும் மேளக்காரத் தெருவிலும் புரோகிதரில்லாத் திருமணங்கள் நடந்தன. மாலை மாற்றும்போது பங்காளிகள் அதே கெட்டிமேளத்தைக் கொட்டினார்கள். ஆயினும் பெண் கொடுக்க யோசித்த வீடுகள் இருந்தன. தீட்டு இன்னும் நுட்பமானது: பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு கழியும் வரை கோயிலுக்குள் போகக் கூடாது. தீட்டை நம்பாதவர் அந்த நாட்களில் முறைக்குப் போனால் குருக்களுக்கும் பக்தர்களுக்கும் மனவேதனை, போகாவிட்டால் தன் கொள்கைக்கு இழுக்கு. அவர்கள் போகவில்லை, மாற்று ஆளை அனுப்பினார்கள், அதைச் சரியென்றே இதை எழுதுபவர் நினைக்கிறார். தன் மனத்துக்கு உண்மையாக இருப்பதற்காக இன்னொருவரின் பூசையைக் குலைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் தன் சாவைப் பற்றிச் சிலர் உறுதியாக இருந்தார்கள். கோயிலை ஒட்டிய தெருக்களில் சாவு விழுந்தால் உடல் எடுக்கும் வரை நடை சாத்தியிருக்கும். தம் பொருட்டு நடை நெடுநேரம் சாத்தக் கூடாது, சடங்கு எதுவும் வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தவர்கள் உண்டு. அந்த ஒரே வேண்டுகோளில் அவர்களுடைய மறுப்பும் கோயிலின் மேல் அவர்கள் வைத்திருந்த அக்கறையும் சேர்ந்தே இருந்தன.

இப்போது பல கோயில்களில் மின்சாரத்தில் இயங்கும் மேள இயந்திரம் வந்துவிட்டது. விசையைத் தட்டினால் மணியும் முரசும் சேர்ந்து ஒலிக்கும். ஆளில்லாத இடத்தில் அது வேறு வழியின்றி வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குக் குருக்களின் கை தெரியாது, திரை விலகுவது தெரியாது, ஓதுவார் வாயைத் திறப்பது தெரியாது. நாத்திகர் கோயிலில் வாசிக்கலாமா என்று ஒரு காலத்தில் வாதிட்ட ஊர்கள் இயந்திரத்தைப் பேச்சின்றி ஏற்றுக்கொண்டது வருந்தத்தக்கது. மனம் சார்ந்த கேள்வியை மனிதரிடம் மட்டும் கேட்டு, அந்த மனிதர் போன பின் அவருடைய கைவேலையும் போய்விட்டதைக் கவனிக்காமல் விட்டார்கள்.

கற்பித்தலில்தான் நம்பாத வித்துவான்களின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. குலம் பார்க்காமல் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டவர்களில் அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் நாகசுரம் கற்பதற்கு, மதுரை பொன்னுத்தாய் என்ற முன்னோடி இருந்தும், தெருக்களில் தயக்கம் நிலவியபோது தம் மகளுக்கே குழலை எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. வேறொன்றும் கவனிக்கத் தக்கது. பக்தியுள்ள வித்துவான் முறையில் ஏதேனும் குறைந்தால் சாமி பொறுத்துக்கொள்ளும் என்று ஆறுதல் கொள்ளலாம். நம்பாதவருக்குப் பொறுத்துக்கொள்ள யாரும் இல்லாததால் அவர் எதையும் குறைக்க முடியவில்லை. ஆகவே எந்தத் திருநாளில் எந்த வாகனத்துக்கு எந்த மல்லாரி, எந்த வீதியில் எந்த இராகம் தொடங்கி எங்கே முடிப்பது என்ற வரிசையைப் பிசகாமல் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவர்கள் பலர். இன்று கல்யாண மண்டபங்களில் கேட்பது சினிமாப் பாட்டு, அதிகம் போனால் இரண்டு நிமிடக் கீர்த்தனை. ஓர் இராகத்தை ஒரு மணிநேரம் ஆலாபனை செய்யவும், மல்லாரியை மூன்று காலத்திலும் முழுமையாக வாசிக்கவும் இடமுள்ள ஒரே மேடை இரவுத் திருவீதியுலாதான், அதுவும் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்குவோர் கிடைக்காமல் சக்கர வண்டியில் சுவாமியை ஏற்றி ஒரே ஓட்டமாக நான்கு வீதியும் சுற்றி முடிக்கும் வழக்கத்தால் சுருங்கிவருகிறது. திருவிழாவுக்கு முன் கோயில் மண்டபத்தில் கூடும் கூட்டங்களில், வண்டி வேண்டாம், தோளிலேயே தூக்குவோம், மேலவீதி முனையில் சுவாமியை ஒரு நாழிகையாவது நிறுத்தி மேளம் கேட்போம் என்று எழுந்து வாதாடுபவர்களில் கடவுளை நம்பாத பழைய நாயனக்காரர்களும் இருக்கிறார்கள். தோள் கொடுக்க ஆள் சேர்ப்பதற்காக அவர்களே வீடு வீடாகப் போய் இளைஞர்களை அழைக்கிறார்கள்.